பத்துப் பேரும் தூங்கினார்கள்

என் கணவருக்குக் குரல் கம்மத் தொடங்கியது தவக்காலத்தில். எங்கள் பங்குக் கோவிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மைக் வேலை செய்யாத நாளிலும் கடைசி பெஞ்சுவரை கேட்கும். ஞாயிறு முதல் வாசகமும் பெரும்பாலும் அவர்தான். சிலுவைப்பாதை, திருப்பாடுகள், பாட்டுப் பயிற்சி என்று அந்த நாட்களில் தொண்டைக்கு ஓய்வே இருக்காது. அதனால் கம்மலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுக்கு, கற்பூரவல்லி, மிளகு போட்ட பால் என்று நானும் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் போனது. கோடை போனது. குரல் திரும்பவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சதைத் துணுக்கு எடுத்து, ஸ்கேன் எடுத்து, இன்னும் என்னென்னவோ எடுத்து, கடைசியில் ஒரு காலையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். புற்றுநோய். குரல்வளையை முழுவதும் எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை இருக்கும், இனி அது வழியாகத்தான் மூச்சு.

“பேச்சுங்க?” என்று கேட்டார் இவர்.

“வேற வழியில பேசப் பழக்கிவிடுவோமுங்க. ஆனா இந்தக் குரல் இருக்காது.”

“பாட்டுங்க?”

மருத்துவர் என்னைப் பார்த்தார். எதற்காக என்னைப் பார்த்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பிறகு அவரிடமே திரும்பி, “இல்லீங்க” என்றார்.

காந்திபுரம் வந்து டவுன் பஸ் மாறினோம். கூட்டத்தில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்த ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். இறங்கி நடக்கும்போதுதான் பேசினார்.

“மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு வெச்சிரு, அம்மணி. வேற எதும் வேண்டாம்.”

சர்க்கரை அளவு இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்றதால் எங்களுக்குச் சில வாரங்கள் கிடைத்தன. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். நாளை நடத்தப்போகிற பாடத்தை இன்றே தயார் செய்யாமல் படுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் இதற்கும் தயாராக ஆரம்பித்தேன். பெங்களூரில் இருக்கிற மகள் போனில், “அம்மா, அப்பாவோட குரலை ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கோ” என்று அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு அது சரியாகப் பட்டது. செழிப்பான காலத்திலேயே எகிப்தின் களஞ்சியங்களில் தானியத்தை நிரப்பி வைத்த யோசேப்பை எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்கும். பஞ்சம் வரும் என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எப்படி?

அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து, மகளை ‘கண்ணு’ என்று கூப்பிடுவது, சாப்பாட்டு ஜெபம், அவருக்குப் பிடித்த மாதா பாட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். கரகரத்த குரல்தான், இருந்தாலும் அவருடையது. பாட்டின் இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டார்.

“இதெல்லாம் எதுக்கு, அம்மணி?”

“அப்புறம் கேக்கறதுக்குத்தானுங்க.”

“நான் எங்க போறேன்? என்னையப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, போனுக்குள்ள என்னையத் தேடுவியா?”

அதோடு எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் காலையில் நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் பேசவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார். நன்றி என்று அர்த்தமாம். தண்ணீர் வேண்டுமென்றால் மேசையில் விரலால் தட்டினார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி உள்ளங்கையை மடக்கினார். காலைப் பலகாரம் முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை. தினமும் காலையில் பத்து மணிவரை இப்படிப் பேசாமல் இருந்து பழகப்போகிறேன் என்று பிறகு சொன்னார். “நோம்பு இருக்கறதில்லையா, அந்த மாதிரி. பசி வர்றதுக்கு முன்னாலயே பசியப் பழகிக்கறது.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இருக்கிற குரலைப் பேசித் தீர்க்காமல் இவர் எதற்கு இப்போதே மூடிவைக்கிறார்? தானியம் இருக்கும்போதே பட்டினி கிடப்பவரை என்ன சொல்வது?

“உங்களுக்கு வேணா அது நோம்புங்க. எனக்கு அது தண்டனை,” என்றேன். “இன்னும் கொஞ்ச நாளு பேசுங்களேன். எதையாச்சும் பேசுங்க. திட்டக்கூடச் செய்யுங்க.”

பத்து மணி ஆனதும் அவர் பேசுவார். ஆனால் நான் சமையல்கட்டில் வேலையாக இருப்பதுபோல் இருந்துவிடுவேன். அப்படியே சில நாட்கள் போயின. ஜெபமாலையிலும் இதே சண்டைதான். எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபமாலையில் ஒவ்வொரு ஜெபத்தின் முன்பாதியையும் அவர் சொல்வார், பின்பாதியை நான் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். “என் பாதிய நான் மனசுக்குள்ள சொல்லிக்கறேன். நீ அது முடிஞ்சதும் உன் பாதியச் சொல்லு,” என்றார் ஒரு நாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டு பாதியையும் நானே வேகமாகச் சொல்லி முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்திய ஞாயிறு, மழை. கோவில் வாசலில் குடைகள் குவிந்துகிடந்தன. முதல் வாசகத்துக்கு அவரே போய் நின்றார். சாலமோனின் ஞான நூல். ஞானத்தைத் தேடி விடியலில் எழுகிறவன் அதிகம் அலைய வேண்டியதில்லை, அது அவன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் என்கிற பகுதி. குரல் உடைந்து உடைந்து வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ‘இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’ என்று முடித்ததும், மக்கள் பதில் சொல்லத் தாமதித்தார்கள். அந்தத் தாமதம் மட்டும்தான் அன்று அவருக்குக் கிடைத்த வழியனுப்புதல்.

நற்செய்தி, மணமகனுக்காகக் காத்திருந்த பத்துத் தோழியர் உவமை. ஐந்து பேர் விளக்குக்கு மிச்ச எண்ணெய் கையில் வைத்திருந்தார்கள், ஐந்து பேர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவர்கள் கடன் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எப்போதும் தயாராக இருங்கள் என்று பங்குத்தந்தை பிரசங்கம் செய்தார். எனக்கு அந்த முன்மதியுள்ள ஐந்து பேர்மேல் எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் நோயில் பூசுதல் கொடுக்கப் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். இவருடைய நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். காபி குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

“சாமி, அந்த அஞ்சு பேரும் கொஞ்சம் எண்ணெய் ஊத்திக் குடுத்திருந்தா என்னங்க? அதுதானுங்களே பிறரன்பு?”

அவர் இளைஞர். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தார். “எனக்கும் அது ரொம்ப நாளா இடறுதும்மா. பாடத்துல சொல்லிக் குடுத்த பதில் இருக்கு. அத உங்ககிட்ட இன்னிக்குச் சொல்ல மனசு வரல,” என்றார்.

அறுவை சிகிச்சை அன்று காலையில், தள்ளுவண்டியில் ஏற்றும் முன் இவர் என் கையைப் பிடித்து, “வாரேன் அம்மணி” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் எதையாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது கதவு சாத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்த அவரைப் பார்த்தபோது, நான் செய்துவைத்த தயாரிப்புகள் எல்லாம் வேறு யாருடைய கஷ்டத்துக்கோ செய்தவை போல இருந்தன. மூக்கில் உணவுக் குழாய். கழுத்தில் துளை, அதிலிருந்து இருமும்போதெல்லாம் சளி. அதை உறிஞ்சி எடுக்கிற மெஷினின் சத்தம். எழுதிக் காட்ட நான் வாங்கிவைத்த சிலேட்டை இரண்டாம் நாளே தள்ளிவிட்டார். அவர் பழகிய சைகைகளும் அந்த வலியில் முறையாக வரவில்லை. மேசையில் தட்டுவதற்குப் பதில் கட்டில் கம்பியை அறைந்தார். பேசாமல் இருக்கப் பழகிய மனிதர் பேச முடியாமல் போனதும் வாயைத் திறந்து திறந்து மூடினார். அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பார்க்க வந்தவர்கள், தாங்கக்கூடிய சோதனையைத்தான் கடவுள் கொடுப்பார் என்று சொன்னார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். விழுங்க முடியாதவருக்கு வந்த பழங்களை நான் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று எல்லோருக்கும் தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலித்தது.

ஒரு மத்தியானம், உணவுக் குழாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி முடித்து, நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் விழித்தபோது நர்ஸ் சளி எடுத்து முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதறி எழுந்தேன்.

“எழுப்பியிருக்கலாமுங்களே.”

“நான் எழுப்பத்தாங்க வந்தேன். அப்பா வேண்டாம்னு கை காட்டிப்போட்டாரு. சத்தம் போடாம வேலையப் பாருன்னு எனக்கே மிரட்டல்,” என்று அந்தப் பெண் சிரித்தது.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் விரலை வைத்து, பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். தூங்கு என்று. அது அவர் வீட்டில் பழகிய சைகைகளில் இல்லை.

அன்று சாயங்காலம் அவருக்கு நற்செய்தி வாசித்தேன். எதை வாசிப்பது என்று கேட்டபோது, ஒரு கையால் விளக்கைப் பிடிப்பதுபோல் காட்டினார். வேண்டா வெறுப்பாகத்தான் அந்த உவமையை எடுத்தேன். மணமகன் வரத் தாமதமானதால் எல்லோருமே கண்ணயர்ந்து தூங்கிவிட்டார்கள் என்கிற இடம் வந்ததும் விரலைத் தூக்கி நிறுத்தினார். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. எல்லோரும். எண்ணெய் இருந்தவர்களும் தூங்கினார்கள், இல்லாதவர்களும் தூங்கினார்கள். இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கண் விழித்திருந்தவர்கள் ஐந்து பேர் என்றே மனதில் பதிந்திருந்தது. வந்த மணமகனும், தூங்கியதற்காக யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. இவர் என்னைச் சுட்டிக்காட்டி, தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. சிரித்ததில் இருமல் வந்து, மறுபடியும் நர்ஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. கழுத்துத் துளையைச் சுத்தம் செய்வது, ஈரத்துணி கட்டுவது, எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுப்பது, கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது. கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று ஞாபகமில்லை. மகள் வந்து குடில் வைத்தாள், எடுத்தும் வைத்தாள். பெரும்பாலும் நான் களைத்துப்போயிருந்தேன். துக்கம்கூட ஒரு வேலை மாதிரி, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

வந்த முதல் நாள் சாயங்காலம் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். உதடுகள் அசைந்தன. அசைந்து நின்றன. என்னைப் பார்த்தார். நான் என் பாதியைச் சொன்னேன். மறுபடியும் உதடுகள் அசைந்தன. வீட்டில் சத்தமே இல்லாத அந்த முன்பாதி ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்! மாலையின் முதல் பத்து மணிகளில் இரண்டு இடத்தில் அவசரப்பட்டு அவர் முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். அவர் மணியை நகர்த்தாமல் காத்திருந்தார். அவர் அந்த வாரங்களில் பழகிவைத்தது அவருக்கு இருந்தது. எனக்கு இல்லை. அதை அவர் எனக்கு ஊற்றிக் கொடுக்கவும் முடியாது, நானேதான் முதலிலிருந்து பழக வேண்டும் என்று அப்போது புரிந்தது. அந்த ஐந்து பேர்மேல் இருந்த கோபம் முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் அவர்கள் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று இப்போது நினைப்பதில்லை.

நாங்கள் இருவருமே தயாராகாத இடம் ஒன்று இருந்தது. ஒரு காலையில் காபியைக் கையில் வாங்கியவர் முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு மூக்கைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். மூச்சு கழுத்து வழியாகப் போகிறதே, மூக்குக்கு இனி மணம் எட்டாது. யாராவது சொல்லியிருப்பார்கள், எங்கள் காதில் விழுந்திருக்காது. குரலுக்காக அழுது, குரலுக்காகச் சண்டைபோட்டு, வாசலைக் காத்துக்கொண்டே இருந்தோம். கொல்லைப்புறமாக வேறொன்று போய்விட்டது. காபி, மல்லிப்பூ, முதல் மழை மண், கோவில் சாம்பிராணி எதுவும் இல்லை. திருடன் வரும் நேரம் தெரியாது என்று ஆண்டவர் சொன்னது எனக்குத் தெரியும். எதை எடுப்பான் என்பதும் தெரியாது என்பதை நான் யோசித்ததில்லை.

தொண்டையில் வைத்துப் பேசுகிற பேட்டரி கருவி தவக்காலத்துக்குச் சற்று முன் வந்தது. பயிற்சி கொடுத்த பெண் காட்டியபடி, டார்ச் லைட் போன்ற அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு முதலில் சொன்ன வார்த்தை, ‘அம்மணி.’ ஏற்ற இறக்கமில்லாத இரும்புச் சத்தம். அதில் அவர் எங்கும் இல்லை. நான் சமையல்கட்டுக்குப் போய் எரியாத அடுப்பின் முன்னால் நின்றேன். சில நாட்கள், அவர் அதை எடுத்தாலே எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். பழகியது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. “என்னங்க?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். போன பிறகுதான், யோசிக்காமல் பதில் சொன்னது உறைத்தது.

மகள் கேட்டும் போனில் பதிந்த குரலை நான் இன்னும் போட்டுக் கேட்கவில்லை. இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

புனித வெள்ளியன்று திருப்பாடுகளில் அவர் இத்தனை காலம் வாசித்த பகுதியைப் பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். இவர் குழுவோடு உட்கார்ந்து புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பாட்டு வரும்போது தொடையில் தாளம் போட்டார். அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையோடு போயிருந்தேன். அவர் அழவில்லை. அந்தப் பெண் ஓரிடத்தில் தடுமாறியபோது மட்டும் முகத்தைச் சுளித்தார், பழைய பாட்டு வாத்தியார் முகம்.

போன மாதம் எங்கள் அன்பியத்தில், அதாவது தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற பங்குக் குழுவில், இருக்கிற குடும்பம் ஒன்று எங்களைக் கூப்பிட்டது. அந்த வீட்டுக்காரருக்கும் இதே வியாதி, இதே ஆபரேஷன். நாள் குறித்துவிட்டார்கள். இவரைப் பார்த்தால் தைரியம் வரும் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குப் போக மனமே இல்லை. அந்த வீட்டுக் கூடத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதால் போனேன்.

அந்த மனிதர் இவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங்கண்ணா, இதுக்கு எப்புடிங்க ரெடியாகறது? ஒண்ணும் ஓடமாட்டேங்குதுங்க” என்றார்.

இவர் கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார். நோன்பு, பேசாமை, அன்று வாசித்த ஞான நூலின் வரி என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“எல்லாத்தையும் மோந்து பாத்துக்குங்க,” என்றார் அந்த இரும்புக் குரலில். “காப்பி. பூ. பேத்தி தலை. நல்லா மோந்துக்குங்க. அப்புறம், ஆண்டவருகிட்ட கோபமிருந்தா இப்பவே வாய்விட்டுச் சொல்லிப்போடுங்க.”

அந்த மனிதருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருடைய மனைவி என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். என்னிடமும் ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். நானாகவே, நல்ல மிக்ஸி இருக்கிறதா என்று கேட்டேன். பழசுதான், அடிக்கடி சூடாகி நின்றுவிடும் என்றார். அதை முதலில் மாற்றிவிடுங்கள் என்றேன். என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா போனில் கூப்பிட்டார். மிக்ஸியைப் பற்றித்தான் ஆரம்பித்தார். பிறகு மகனைப் பற்றி, மாடியில் ஒழுகும் தண்ணீரைப் பற்றி, கணவர் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி. எனக்கு அன்று நிறைய வேலை இருந்தது, முதுகும் வலித்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீரையை ஆய்ந்தபடி, அவர் பேசி முடிக்கும்வரை ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.